ஆற்றங்கரை மின்மினிகள்



தூக்கணாங்குருவி தன் கூட்டுக்கு விளக்கேற்ற மின்மினியைப் பிடித்து வந்து ஈர மண்ணில் ஒட்டிவைக்கும் என்று நம் பாட்டிமார் கதை சொல்வதுண்டு. அந்த மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, ஒரே தாளத்தில் ஒளிவிடும் இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கோல சிலாங்கூர் நகருக்கு அருகே உள்ள சிலாங்கூர் ஆற்றங்கரைதான் அது. சென்ற பள்ளி விடுமுறையில், ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர்களுமாக நாங்கள் அங்குச் சென்றுவந்தோம்.

“மின்மினியைப் பார்க்கவா இத்தனை தூரம்? நம்ம லயத்துக்குப் பின்னாலேயே பறக்குதே!” என்றார் ஒரு பாட்டி. ஆனாலும் பேத்திக்குத் துணையாக அவரும் புறப்பட்டார்.

கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கி, மாலையில் கோல சிலாங்கூரை அடைந்தோம். முதலில் மலாவாத்திக் குன்றில் ஏறினோம். அங்கே பழைய கோட்டையும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. சாம்பல் நிற லூத்தோங் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவின. அவற்றின் குட்டிகளோ பொன்னிறம்! குன்றின் கீழே ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரமும், அதையொட்டிய அலையாத்திக் காடும், அப்பால் மலாக்கா நீரிணையும் அந்திவெயிலில் மின்னின.

இருட்டியதும் ஆற்றங்கரைக்குப் போனோம். நால்வர் நால்வராகச் சம்பானில் ஏறினோம். படகில் இயந்திரம் இல்லை, துடுப்பு மட்டுமே. சிறிது தூரம் சென்றதும் கரையோர மரங்கள் திடீரென ஒளிர்ந்தன. எல்லாம் ஒன்றாக மின்னின; ஒன்றாக அணைந்தன. ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை! தீபாவளிக்கு அலங்கார விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

மின்மினி ஈ அன்று. அது ஒரு சிறு வண்டு. இந்த ஆற்றிலுள்ள வகை அரிசிமணி அளவே இருக்கும். அதன் வயிற்றிலுள்ள லூசிஃபெரின் என்னும் பொருள் பிராணவாயுவோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. விளக்கைப்போல் அது சுடுவதில்லை. ஆண் வண்டுகள் ஒரே தாளத்தில் ஒளிவிட்டுப் பெண் வண்டுகளை அழைக்கின்றன. 1690-இல் சயாம் நாட்டு ஆற்றில் பயணம் செய்த கேம்ஃபர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இத்தகைய காட்சியைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

நாங்கள் வியந்துகொண்டிருந்தபோதே ஒரு தவறு நடந்துவிட்டது. எங்கள் மாணவன் ஒருவன் கைவிளக்கை மரத்தின்மேல் அடித்தான். அந்தக் கிளையில் தாளம் குலைந்தது. “வெளிச்சம் பட்டால் இவை ஒன்றையொன்று கண்டுகொள்ள முடியாது, தம்பி” என்று படகோட்டி மலாய்மொழியில் மெதுவாகச் சொன்னார். பிழை அவனுடையது அன்று. முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காத ஆசிரியர்களாகிய எங்களுடையது.

படகோட்டி மேலும் விளக்கினார். மின்மினிகள் கூடும் மரத்தின் பெயர் பெரெம்பாங். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் கரையில்தான் அது நன்கு வளரும். மின்மினியின் புழுவோ மரத்தில் வாழ்வதில்லை. கரையோர ஈர நிலத்தில் ஊர்ந்து, சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆகவே மரம் மட்டும் இருந்தால் போதாது. ஈர மண் வேண்டும்; நத்தை வேண்டும்; நல்ல நீர் வேண்டும்; இருட்டும் வேண்டும். செம்பனை நடுவதற்காகக் கரையைத் தண்ணீர் வரைக்கும் வெட்டித் திருத்திய இடங்களில் மின்மினி குறைந்துபோயிற்று.

அதுவரை பேசாமலிருந்த பாட்டி, “ஆத்தங்கரையை வெட்டிட்டா இதுங்க எங்கே போகும்? லயத்தைக் காலி பண்ணுன்னு சொன்னா நாம நிக்கிற மாதிரிதானே நிக்கும்!” என்றார். சம்பானில் இருந்த எவருக்கும் அதற்குமேல் பேச்சு எழவில்லை.

நேயர்களே, நம் மலையின் நீர் சிலாங்கூர் ஆற்றுக்குப் போவதில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். மலைச்சரிவிலிருந்து அடித்துவரப்பட்ட மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்து கிடப்பதை நாம் கண்ணால் காண்கிறோம். மேலே நாம் செய்வதெல்லாம் கீழே இருப்பவர்களைப் போய்ச் சேருகிறது.

ஆகவே, மருந்து அடிக்கும் பம்பையும் காலி மருந்து டின்களையும் ஓடையில் கழுவாதீர்கள். ஓடைக்கரைப் புல்லை அடியோடு செதுக்காதீர்கள். பிள்ளைகள் மின்மினியைப் போத்தலில் அடைத்தால், அன்றிரவே திறந்துவிடச் சொல்லுங்கள். வாய்ப்புக் கிடைத்தால், நிலவில்லாத ஓர் இரவில் குடும்பத்தோடு சிலாங்கூர் ஆற்றங்கரைக்குப் போய்வாருங்கள். கைவிளக்கை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.