இரும்பைப் பார்த்த கண்ணுக்கு மண் காட்டியது

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுப்பா, பசங்களுக்குப் பிரயோஜனப்படற மாதிரி பேசு" என்று செயலாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். நான் மண்ணைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வார்ப்பட ஆலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிற இஞ்சினியருக்கு மண்ணோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

எங்கள் தொழிலில் இரண்டு வகை வார்ப்பிரும்பு உண்டு. இரண்டிலும் கரி ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு. ஒன்றைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். மற்றது வளைந்து கொடுக்கும். என்ன காரணம்? நுண்ணோக்கியில் பார்த்தால் முதலாவதில் கரி செதில் செதிலாக இருக்கும். இரண்டாவதில் உருண்டை உருண்டையாக இருக்கும். சரக்கு ஒன்று, அமைப்பு வேறு. வேதியியல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த இஞ்சினியரும் கையெழுத்துப் போடமாட்டான்.

இப்போது நம்ம காட்டுக்கு வருவோம். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம். துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். அப்புறம் கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம். ரொம்ப நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 12-ம் வேதியியல். அந்த மண்ணில் உயிர் எப்படி இருக்கிறது என்று சொல்ல அதில் இடம் இல்லை.

அப்பாவுடையது தக்காளிக் காடு. வருஷம் முழுக்க உழவு, யூரியா, டி.ஏ.பி. பக்கத்து வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பா கேழ்வரகும் அவரையும் போடுகிறார், கோடையில் ஆட்டுப்பட்டி அடைக்கிறார். இரண்டு அட்டையையும் ஒப்பிட்டேன். அங்ககக் கரிமம் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கூட. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மழை பெய்தால் அப்பா காட்டுத் தண்ணி செம்மண்ணோடு ஓடையில் போகிறது, சித்தப்பா காட்டில் உள்ளே இறங்குகிறது. மழையை நம்பிப் பிழைக்கிற நம்ம தருமபுரி மாவட்டத்தில் இது சின்ன விஷயமா சொல்லுங்க?

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1930-ஐ ஒட்டி ரோஸி என்ற இத்தாலியரும் கொலோட்னி என்ற உக்ரைன் நாட்டுத் தாவரவியலாரும் கொண்டுவந்த முறை. சுத்தமான கண்ணாடிச் சில்லை, அதாங்க நம்ம ஸ்லைடு, ஈர மண்ணில் கத்தியால் கீறிச் செங்குத்தாகப் புதைக்கணும். இரண்டு மூன்று வாரம் கழித்து அலுங்காமல் எடுத்து, ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டு, மறுபக்கத்தைத் தண்ணீரில் மெல்ல அலசி, உலர்த்தி, தீயில் லேசாகக் காட்டி, ரோஸ் பெங்கால் சாயம் ஏற்றிப் பார்க்கணும். மண்ணுக்குள் யார் யார் எப்படிக் குடியிருந்தார்களோ அப்படியே ஒட்டியிருப்பார்கள்.

வரப்புக்கு இரண்டு பக்கமும் புதைத்தேன். 1000 மடங்கில் பார்த்தபோது அப்பா பக்கத்துச் சில்லில் அங்கங்கே சில புள்ளிகள், குச்சிகள், அவை பாக்டீரியா. சித்தப்பா பக்கத்தில் அவை கூட்டம் கூட்டமாக இருந்தன. குறுக்கும் நெடுக்கும் பூஞ்சை இழைகள், வலை பின்னினாற்போல. அந்த இழையும் பாக்டீரியா சுரக்கும் பிசினும்தான் மண் துகள்களைக் கட்டிப் பிடித்து, நடுவே தண்ணீர் இறங்க வழி விடுகின்றன. காய்ந்த மண்கட்டி இரண்டைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பாருங்க. ஒன்று உடனே கரைந்து சேறாகும். ஒன்று நின்று பிடிக்கும். எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா தாமே போட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த கோடையில் அவர் காட்டிலும் பட்டி அடைத்தாயிற்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணும்போது, நுண்ணோக்கியில் தெரிவதில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பெரும்பாலும் முளைப்பதில்லை. இந்த முரண்பாட்டை 1985-ல் ஸ்டேலி, கொனாப்கா என்ற இரு அறிஞர்கள் விரிவாக எழுதினார்கள். ஆகவே கண்ணால் பார்ப்பதற்கு இன்றும் மதிப்பு உண்டு. அதே சமயம் கண்ணுக்கும் எல்லை உண்டு. தழைச்சத்து சேர்க்கிற பாக்டீரியாவும் நோய் தருகிற பாக்டீரியாவும் பார்வைக்கு ஒரே குச்சிதான். செத்ததும் சாயம் ஏற்கும். பெயர் தெரியவேண்டுமென்றால் மரபணுச் சோதனைதான். நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு "இந்தப் பாட்டிலை வாங்கி ஊத்துங்க" என்று சொல்கிறவரிடம் உஷாராக இருங்கள்.

நுண்ணோக்கியே வேண்டாத சோதனையும் உண்டு. பூக்கிற பருவத்து நிலக்கடலைச் செடியை மண்ணோடு பெயர்த்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது என்று அர்த்தம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. 1888-ல் பெய்ஜரிங்க் பிரித்தெடுத்த அதே நுண்ணுயிரைத்தான் இன்று உயிர் உரமாகப் பாக்கெட்டில் விற்கிறார்கள்.

என் கோரிக்கை இதுதான். தம்பி தங்கைகளே, உங்களில் பாதிப் பேருக்குமேல் காடு கழனி உள்ள வீட்டுப் பிள்ளைகள். படித்து முடித்து ஓசூருக்கோ பெங்களூருக்கோ போவீர்கள், நானும் போனவன்தான். போவதற்கு முன்னால் உங்கள் காட்டில் ஒரு சில்லும், உழாத வேலியோரத்தில் ஒரு சில்லும் புதையுங்கள். தாவரவியல் துறை நுண்ணோக்கியை வருஷத்துக்கு இரண்டு சனிக்கிழமை இதற்காகத் திறந்துவிட முதல்வர் அவர்கள் அனுமதிக்கவேண்டும். சில்லும் சாயமும் எங்கள் ஆண்டு மாணவர்கள் வாங்கித் தருகிறோம். பார்த்ததைப் படம் வரைந்து, ஊர், பயிர், தேதி போட்டு ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரு வருஷப் படம் பெரிதாக ஒன்றும் சொல்லாது. பத்து வருஷ நோட்டு சொல்லும், எந்த ஊர் மண் தேறுகிறது, எது தேய்கிறது என்று. அந்த நோட்டை எழுதுவதற்கு இந்த மாவட்டத்துப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார் இருக்கிறார்கள்?