ஆங்கிலவழி நிரலாக்க வகுப்புக்கு ஆயத்தமாதல்

(மாணவர் பாராட்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



தமிழ்வழியில் மேனிலைக் கல்வி முடித்து, கணினி அறிவியல் பட்டப்படிப்பில் சேரவிருக்கும் பிள்ளைகளுக்காகச் சில சொல்ல விழைகிறேன். அங்கே நிரலாக்கப் பாடம் ஆங்கிலத்தில் நடைபெறும். முதற் பருவத்திலேயே பாடம் விளங்காமல், ஐயம் கேட்கவும் கூசி, "இது நமக்கு வாராது" என்று ஒதுங்கிவிடுவோர் உண்டு. அதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. நிரலாக்கச் சிந்தனை, ஆங்கிலம் ஆகிய இரண்டையும் ஒரே வேளையில் புதிதாக எதிர்கொள்வதே காரணம். ஆகவே, வகுப்புத் தொடங்குமுன் அவற்றுள் ஒன்றையேனும் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலாவது, சிந்தனையைத் தமிழிலேயே பழகுங்கள். களத்தில் நெல் மூட்டைகளை எடையிடுவதை எண்ணிப் பாருங்கள். மொத்தத்தைச் சுழியத்தில் தொடங்குகிறோம். ஒவ்வொரு மூட்டையின் எடையையும் அதனோடு கூட்டுகிறோம். மூட்டைகள் தீர்ந்ததும் நிறுத்துகிறோம். இதுவே நிரலில் 'லூப்' எனப்படுவது. எடை குறைந்த மூட்டையைத் தனியே ஒதுக்கினால், அது 'இஃப்' என்னும் நிபந்தனை. இத்தகைய செயல்களைப் படிப்படியாகத் தாளில் எழுதிப் பழகுங்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் சி, பைத்தான் ஆகியவற்றுக்குத் தமிழ்க் குரலிலேயே கட்டணமில்லாப் பாடங்கள் உள்ளன.

இரண்டாவது, சொற்கள். சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரநிலையில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே. நாளொன்றுக்கு நான்கு வீதம் எட்டு நாளில் அவற்றின் பொருளைக் கற்றுவிடலாம்.

மூன்றாவது, பிழைச் செய்திகள். சரியாக இயங்கும் நிரலில் ஓர் அரைப்புள்ளியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, கணினி கூறுவதைப் படியுங்கள். 'எக்ஸ்பெக்டெட்' என்றால் அங்கே ஏதோ விடுபட்டுள்ளது. 'அன்டிக்ளேர்டு' என்றால் முன்னர் அறிவிக்கப்படாத பெயர். இவற்றை ஒரு குறிப்பேட்டில் தமிழ் விளக்கத்துடன் எழுதிவைத்தால், ஆய்வகத்தில் அச்சம் தோன்றாது.

பெற்றோர்களே, "ஆங்கிலம் வாராதவனுக்குக் கணினி எதற்கு?" என்னும் பேச்சு நம் இல்லங்களில் எழ வேண்டா. 1995இல் வெளிவந்த 'ரூபி' நிரல்மொழியை உருவாக்கிய யுகிஹிரோ மாட்சுமோட்டோ ஜப்பானியர். அம்மொழிக்கான தொடக்ககால விளக்கங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே எழுதப்பெற்றன. தாய்மொழியில் தெளிந்த சிந்தனை பிறமொழியில் தடுமாறினாலும் தோற்பதில்லை.

இப்போது கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இளையோருடன் அமர்ந்து, அவர்கள் வகுப்பில் கேட்கக் கூசிய ஐயங்களைத் தமிழில் தீர்த்து வையுங்கள்.