அணு எரிபொருளில் அடைபட்ட வாயு

சனத்நகர்த் தொழிற்பேட்டையில் உலோக வேலை பார்க்கும் தமிழ் அன்பர்கள் நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு. உருக்கி வார்த்த இரும்பில் வாயு சிக்கிக்கொண்டால், பார்வைக்குக் குறையற்ற வார்ப்படமும் உள்ளே பொத்தலாகிக் கெட்டுவிடும். அதே ஐதராபாத்தின் மறுகோடியில், மௌலாலிப் பக்கம், 1971-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அணு எரிபொருள் வளாகத்திலும் இத்தகைய தொல்லையை எண்ணியே வேலை நடைபெறுகிறது. ஆனால் அங்கே வாயு வெளியிலிருந்து புகுவதன்று; எரிபொருள் உலைக்குச் சென்றபின் தனக்குள்ளேயே பெற்றெடுப்பது.

யுரேனிய ஆக்சைடுத் தூளை அழுத்தி, ஏறத்தாழ 1,700 பாகை வெப்பத்தில் சுட்டுச் சிறு வில்லைகளாக்கி, சிர்க்கோனியக் கலவைக் குழாய்களில் அடைக்கின்றனர். கல்பாக்கத்து மின்னுலைகளுக்குச் செல்வது இவ்வாறான 19 குழாய்கள் கொண்ட, அரை மீட்டர் நீளக் கட்டு.

உலையில் நூறு அணுக்கள் பிளந்தால் 25-க்குக் குறையாமல் செனான், கிரிப்டான் வாயு அணுக்கள் தோன்றுகின்றன. இவை எதனோடும் எளிதில் கூடா. வில்லையின் நடுப்பகுதி ஆயிரம் பாகைக்கு மேல் காயும்போது, இவை மெல்ல நகர்ந்து ஒன்றுகூடிக் குமிழிகளாகின்றன. புளித்த மாவு போல வில்லை உப்புகிறது. குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து வழி சமைக்க, வாயு வில்லைக்கும் குழாய்க்கும் இடையேயுள்ள மெல்லிய சந்தில் கசிகிறது.

இடர் இங்கேதான். அச்சந்தில் வெப்பத்தை நன்கு கடத்தும் ஹீலியத்தை முன்பே நிரப்பியிருப்பர். செனானோ இவ்வேலையில் பெருஞ்சோம்பேறி! அது கலக்கவே வெப்பம் வெளியேறுவது தடைப்படுகிறது. வில்லை மேலும் காய்கிறது. காயவே இன்னும் வாயு கசிகிறது. வட்டி குட்டி போடும் கதைதான். கூடப் பிறந்த அயோடினும், உப்பிய வில்லை நெருக்குமிடத்தில் குழாயை அரித்து வெடிப்பு உண்டாக்கும். குழாய் கீறினால் கதிரியக்கப் பொருள் குளிர்விக்கும் கனநீரில் கலந்துவிடும்.

ஆதலின் வில்லையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு நுண்துளைகளை விட்டுவைக்கின்றனர். அதன் முகப்பைச் சற்றே குழிக்கின்றனர். குழாயின் உட்புறத்தில் கிராபைட் பூசுகின்றனர். நம் கருத்தில், மெச்சத்தக்கது வில்லையின் இறுக்கமன்று, அதில் விட்ட வெற்றிடமே.

கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய சிறு வேக ஈனுலையின் கார்பைடு எரிபொருள், ஆக்சைடைவிட மிகுதியாக உப்பும் இயல்புடையது. எனினும் டன்னுக்கு 1,65,000 மெகாவாட்-நாள் வரை எரிந்தும் அதன் குழாய்கள் கிழியவில்லை. எரிந்த குழாய்களைக் கனத்த சுவர்களுக்குப் பின்னிருந்து எந்திரக் கைகளால் துளையிட்டு, உள்ளே சேர்ந்த வாயுவை அங்கே அளந்து பார்க்கின்றனர்.