நீருக்குள் தொங்கும் கியர்ப் பெட்டி

அக்டோபர் பிறந்துவிட்டது. சிம்கோ ஏரியிலும் மஸ்கோகாப் பக்கத்திலும் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருக்கின்றன. நன்றியறிதல் விடுமுறையோடு ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் மதகுகளும் இந்தப் பருவத்துக்கு மூடப்பட்டுவிடும். ஒன்ராறியோவில் நம்மவர்களிலும் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் உண்டு. ஸ்டெர்ன் டிரைவ் பூட்டிய படகைச் சொந்தக் கையால் பராமரிக்கலாமா, எதுவரை பராமரிக்கலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த அமைப்பில் எஞ்சின் படகுக்குள் இருக்கிறது. கியர்ப் பெட்டியும் புரொப்பெல்லரும் பின்பலகைக்கு வெளியே நீருக்குள் தொங்குகின்றன. வால்வோ பென்டா நிறுவனம் 1959இல் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் ‘அக்வாமேடிக்’ என்ற பெயரில் இதை வைத்தது. 1961இல் மெர்க்குரூசர் டிரைவும் வந்தது. காரில் ஓடுகிற பெரிய எஞ்சினைப் படகிலும் வைக்கலாம், சுக்கான் தனியாகத் தேவையில்லை, ஆழமில்லாத இடத்தில் டிரைவைத் தூக்கிக்கொள்ளலாம். இவ்வளவு வசதிக்கும் ஒரு விலை இருக்கிறது. டிரைவ் இடமும் வலமும் திரும்ப வேண்டும், மேலெழ வேண்டும், உள்ளே தண்டு சுழல வேண்டும், புகை வெளியேற வேண்டும். ஆனால் ஒரு சொட்டு நீர்கூட உள்ளே வரக்கூடாது. அந்தப் பொறுப்பு முழுவதும் சில ரப்பர்த் துருத்திகள் மீதும் சீல்கள் மீதும் விழுகிறது.

ஆகவே சொந்தக்காரர் செய்யும் பராமரிப்பில் மிகப் பெறுமதியானது கூர்ந்து பார்ப்பதுதான் என்பது என் கணிப்பு. கழற்றிப் பூட்டும் திறமை அதற்கு அடுத்தபடிதான். படகுத்துறை மெக்கானிக் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் இந்த மாதம் அவருக்கு முன்னால் படகுகள் வரிசையாக நிற்கின்றன. உங்கள் படகு போன வருடம் எப்படி ஓசையிட்டது, எண்ணெய் என்ன நிறத்தில் இருந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

எண்ணெயிலிருந்து தொடங்குவோம். படகு ஓர் இரவு அசையாமல் நின்ற பிறகு டிரைவின் கீழ் அடைப்பானைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உள்ளே நீர் புகுந்து அடியில் தங்கியிருந்தால் முதலில் அதுதான் வரும். பிறகு மேல் அடைப்பானையும் திறந்துவிட்டு, வருகிற எண்ணெயை ஒரு சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பால் விட்ட தேத்தண்ணி போல் கலங்கியிருந்தால் எங்கோ ஒரு சீல் போய்விட்டது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் சூடு தாங்காமல் உழைத்திருக்கிறது. அடைப்பானில் காந்தம் இருக்குமானால் அதில் சாம்பல் நிற மெல்லிய பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்துகிற உலோகச் சிம்பு இருந்தால் டிரைவை மேலும் ஓட்டக்கூடாது.

புது எண்ணெயை மேலிருந்து ஊற்றக்கூடாது. கீழ்த் துளையிலிருந்து பம்ப் பண்ணி, மேல் துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும்வரை ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. மேல் துளையை முதலில் மூடி, பிறகு கீழே மூடுங்கள். அடைப்பான்களின் வாஷர்களை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். மலிவான அந்த வாஷரைப் பழையதாகவே போட்டு, அதன் வழியாக நீர் புகுந்து கியர் தேய்ந்த கதைகள் ஏராளம். பழைய எண்ணெயை நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

அடுத்தது துருத்திகள். டிரைவை உயர்த்தி, ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, டோர்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் ஒளிந்திருக்கும். தண்டைச் சுற்றியிருக்கும் துருத்தி கிழிந்தால் நீர் முதலில் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். நேராகப் போகும்போது ஓசை இல்லாமல், திருப்பும்போது மட்டும் உறுமல் கேட்டால் அந்த பேரிங்கைச் சந்தேகியுங்கள். பேரிங்கைத் தாண்டினால் நீர் படகுக்குள் வரும். துறையில் கட்டிய இடத்திலேயே படகுகள் மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நன்னீர்த் துறைகளில் கஸ்தூரி எலிகளும் இந்த ரப்பரைக் கடிப்பதுண்டு.

துருத்தியை மாற்ற டிரைவைக் கழற்ற வேண்டும். மெர்க்குரூசரில் ஆறு நட்டுகள்தான், ஆனால் கனமான சாமான், தனியாக இறங்காதீர்கள். கழற்றிய கையோடு எஞ்சின் நேராக இருக்கிறதா என்பதை அதற்குரிய கம்பியைச் செலுத்திப் பாருங்கள். கம்பி இலகுவாக உள்ளே போக வேண்டும். அதைப் பார்க்காமல் திருப்பிப் பூட்டினால் தண்டின் பற்கள் தேய்ந்துவிடும்.

புரொப்பெல்லரைக் கழற்றி, பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது சீலை அறுத்துவிடும். நீர்ப் பம்பைத் திறந்து, உள்ளே சுழலும் ரப்பர் இம்பெல்லரையும் பாருங்கள். அதன் இதழ் ஒன்று உடைந்திருந்தால், உடைந்த துண்டைத் தேடி எடுக்காமல் விடாதீர்கள். அடுத்தது, டிரைவுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டான அனோட். நம் ஏரிகளின் நன்னீருக்கு மக்னீசியம் அனோட் பொருத்தமானது. நாகம் இங்கே மேற்படலம் பிடித்துச் செயலற்றுப் போகும். அனோட் பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன் மேல் ஒருபோதும் பெயின்ட் பூசாதீர்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கியர்களின் இடைவெளியை ஷிம் தகடுகளால் சரிசெய்வதும் பேரிங்கின் இறுக்கத்தை அளந்து பூட்டுவதும் தனிக் கருவியும் பழக்கமும் கேட்கிற வேலைகள். அவற்றை மெக்கானிக்கிடம் கொடுங்கள். இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. கார் ஸ்டார்ட்டர், கார் ஆல்டர்னேட்டர் விலை குறைவு என்று படகில் பூட்டாதீர்கள். படகுக்கென்று செய்தவற்றில் தீப்பொறி வெளியே வராது. மூடிய எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கும்போது ஒரு பொறி போதும். எந்த வேலைக்குப் பிறகும், எஞ்சினைத் தொடக்குவதற்கு முன் ஊதுவிசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிடுங்கள்.

கடைசியாக, குளிர். எஞ்சின் பிளாக்கின் நீர்த் துளைகளைத் திறந்தால் மட்டும் போதாது. துருவும் மணலும் அடைத்திருக்கும், கம்பியால் குத்தி விடுங்கள். டிரைவைக் கீழே இறக்கிய நிலையில் நிறுத்துங்கள். தங்கிய நீர் வடியும், துருத்திகளும் இழுபடாமல் இருக்கும். கியர் எண்ணெயை மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். உள்ளே புகுந்த நீர் ஜனவரியில் உறைந்து விரிந்தால் அலுமினிய உறையே வெடித்துவிடும். அந்தக் கீழ் அடைப்பானை இந்த வாரமே திறந்து பாருங்கள்.