இரண்டு மொழி, ஒரு ரசிகன்

ஹைதராபாத்தில் மல்காஜ்கிரிப் பக்கம் குடியிருக்கும் தமிழ் ரசிகனுக்கு ஒரு தனிக் கொடுப்பினை உண்டு. ஒரே படத்தைத் தமிழிலும் பார்க்கலாம், தெலுங்கிலும் பார்க்கலாம், பார்த்துவிட்டு எது தேவலை என்று சண்டையும் போடலாம். ரயில்வே வேலைக்கும் கண்டோன்மென்ட் வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் செகந்தராபாத்தைச் சுற்றித் தலைமுறைகளாக வாழ்கின்றன. அம்மா தமிழில் திட்டுவார், பிள்ளை தெலுங்கில் பதில் சொல்லும். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவனின் விருப்பு வெறுப்பாக இதைக் கேளுங்கள்.

எனக்கு முதல் இடத்தில் இருப்பது 1978இல் கே. பாலசந்தர் எடுத்த ‘மரோ சரித்ரா’. விசாகப்பட்டினம் கடற்கரை. தமிழ்ப் பையன் பாலு, பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண் ஸ்வப்னா. இவனுக்குத் தெலுங்கு தகராறு, அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. கமல்ஹாசனும் அறிமுக நடிகை சரிதாவும் நடித்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், தெலுங்குப் படமாகவே சென்னை சஃபையர் தியேட்டரில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. அதைத் தமிழில் டப் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லாரும் தமிழ் பேசுவார்கள். பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே சண்டை எதற்கு? படத்தின் உயிரே போயிருக்கும். சரிதாவின் அந்தப் பெரிய கண்கள் பேசுவதற்கு எந்த மொழியும் வேண்டாம் என்பது வேறு விஷயம். ஒரே ஒரு குறை சொல்வேன். கடைசியில் அந்தப் பிள்ளைகள் தலையில் அத்தனை கொடுமையையும் ஒன்றாகக் கொட்டியிருக்க வேண்டாம். பாலசந்தருக்கு முடிவுகளில் எப்போதுமே கை கொஞ்சம் கனம்.

மணிரத்னம் நேரடியாகத் தெலுங்கில் எடுத்த ‘கீதாஞ்சலி’ 1989இல் வந்தது. தமிழில் ‘இதயத்தைத் திருடாதே’. இளையராஜா பாட்டு, ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமின் பனிமூட்டம், இரண்டும் எந்த மொழியிலும் அப்படியேதான் இருக்கும். ஆனாலும் தெலுங்கில்தான் நாயகியின் குறும்பு ஒட்டுகிறது. தமிழில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

சண்டை முற்றுவது அடுத்த படத்தில்தான். 2010 பிப்ரவரி 26ஆம் தேதி கௌதம் மேனன் ஒரே நாளில் இரண்டு படங்களை வெளியிட்டார். சிம்பு, த்ரிஷா நடித்த ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ தமிழுக்கு. நாக சைதன்யா, சமந்தா நடித்த ‘ஏ மாய சேசாவே’ தெலுங்குக்கு. கதை ஒன்று, ஏ.ஆர். ரஹ்மான் இசை இரண்டுக்கும். தமிழில் நாயகி ஜெஸ்ஸி போய்விடுகிறாள்; நாயகன் கார்த்திக்குக்குக் கையில் மிஞ்சுவது அவளை வைத்து எடுத்த படம் மட்டும். தெலுங்கில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். இங்கே என் தெலுங்கு நண்பர்கள் சேர்ந்த முடிவையே கொண்டாடுகிறார்கள். என் ஓட்டு தமிழுக்கு. ஆரம்பத்திலிருந்தே ‘வேண்டாம், ஆனால் வேண்டும்’ என்று தடுமாறும் பெண் அவள். கடைசி ரீலில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது என்றால் எப்படி நம்புவது? ஆனால் ஜெஸ்ஸியாக சமந்தாவா, த்ரிஷாவா என்றால் நான் கட்சி மாறிவிடுவேன்.

ஏமாற்றிய படங்களுக்கு வருகிறேன். 2008இல் வந்த ‘குசேலன்’. ‘கத பறயும்போள்’ என்ற சின்ன மலையாளப் படம், ஏழை முடிதிருத்துபவர் ஒருவரின் கூச்சத்தைப் பற்றியது. அதைத் தமிழில் பசுபதியையும் தெலுங்கில் ஜெகபதி பாபுவையும் வைத்து எடுத்தார்கள். தெலுங்கில் பெயர் ‘கதாநாயகுடு’. இரண்டிலும் ரஜினி இருந்தார். நான் ரஜினி ரசிகன்தான், அதனாலேயே சொல்கிறேன்: அவருக்காகப் படத்தை ஊத வைத்ததில் முடிதிருத்துபவர் காணாமல் போனார். கடைசியில் பள்ளி மேடையில் ரஜினி பேசும் காட்சி மட்டும் இரண்டு மொழியிலும் கண்ணைக் கலங்க வைத்தது. அதற்காக மீதிப் படத்தை மன்னிக்க முடியவில்லை.

அடுத்து, 2017இல் இரண்டு மொழியிலும் வந்த முருகதாஸின் ‘ஸ்பைடர்’. நாயகன் மகேஷ் பாபு சென்னையில் வளர்ந்தவர், தமிழ் சரளமாக வரும். வில்லனாக எஸ்.ஜே. சூர்யா மிரட்டினார், மற்றவர் அழுவதைக் கேட்டுச் சுகம் காணும் ஒருவன், அருமையான கற்பனை. பிறகு பெரிய பாறை ஒன்று உருண்டு வந்தது, அதோடு கதையும் உருண்டு போனது. தமிழனுக்கு அது தெலுங்குப் படமாகத் தெரிந்தது, தெலுங்கருக்குத் தமிழ்ப் படமாகத் தெரிந்தது. இருமொழிப் படங்களுக்கு வரும் பெரிய நோய் இதுதான். எந்த ஊரில் நடக்கிறது என்று முடிவு செய்யாமல் கேமராவை வைத்துவிடுகிறார்கள்.

‘பாகுபலி’ மட்டும் எப்படித் தப்பித்தது என்று கேட்பீர்கள். அதையும் இரண்டு மொழியில்தான் எடுத்தார்கள். சத்யராஜ், நாசர், ரம்யா கிருஷ்ணன் எல்லாரும் இரண்டிலும் நடித்தார்கள். அதில் வரும் மகிழ்மதி நாடு யாருடைய ஊரும் இல்லை. அங்கே எந்த மொழி பேசினாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் காதல் கதைக்கும் குடும்பக் கதைக்கும் ஒரு தெரு வேண்டும், அந்தத் தெருவுக்கு ஒரு பேச்சு வேண்டும்.

நேயர்களே, ‘மரோ சரித்ரா’வை இதுவரை பார்க்காதவர்கள் தயவுசெய்து தெலுங்கிலேயே பாருங்கள். முதல் கால் மணி நேரம் தடுமாறுவீர்கள். பாலுவும் அப்படித்தான் தடுமாறுகிறான்.