மணல்வீடு சிதைத்த கால்கள்



உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் காட்டி ஊராட்சியின் பெருமை பேசாத மேடை இல்லை. அம்முறையில் ஒரு சிறுவனுக்கும் இடமுண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுத்துத் தர வேண்டியவன், ஓலைக்கும் ஓலைக்கும் வேறுபாடு அறியாத பாலகன். உறுப்பினர்க்கு 35 வயது வேண்டும் என்று விதித்த சபை, எடுப்பவனுக்கு அறியாமையையே தகுதியாக்கியது. (அச்சபை நிலமும் மறைக்கல்வியும் உடையோர்க்கே உரியதாயிருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.)

வேறுபாடு அறியாத அந்தப் பருவத்தில்தான் நட்பு முளைக்கிறது. காதலின் வேரும் அங்கேயே இருக்கக்கூடும் என்பது சங்கப் புலவர் கண்ட உண்மை. இன்றைய கவிஞர் பலர் காதலை மின்னலாகவே எழுதுகின்றனர். மின்னலுக்கு இளமைப்பருவம் கிடையாது, காதலுக்கு உண்டு.

குறுந்தொகையின் 229 ஆம் பாடல் மோதாசனார் பாடியது. உடன்போக்கில் செல்லும் இருவரைக் கண்டோர் பேசுகின்றனர். சிறுவயதில் அவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுப்பான். அவளும் அவன் தலைமயிரை விடமாட்டாள். செவிலியர் விலக்கியும் சண்டை ஓயாது. அவ்விருவரே இன்று கூடிச் செல்கின்றனர். கண்டோர் ஊழை வியக்கின்றனர். ஊழைவிட அந்தச் சண்டைக்கே பெரும்பங்கு உண்டு என்று கொள்வதில் தவறில்லை.

கலித்தொகையில் கபிலரின் குறிஞ்சிக்கலிப் பாட்டு (51) இவ்வளர்ச்சியின் நடுப்பகுதியைக் காட்டுகிறது. தெருவில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், சூடிய மாலையைப் பறித்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன், பின்னொரு நாள் வாயிலில் நின்று தண்ணீர் கேட்கிறான். தாய் சொல்ல, மகள் நீர் கொண்டு செல்கிறாள். அவன் கையைப் பற்றுகிறான். (இன்றைய அறம் இதை ஒப்பாது, அது வேறு.) அவள் திடுக்கிட்டுத் தாயை அழைத்துக் கூவிவிடுகிறாள். தாய் பதறி ஓடி வரவே, மகள் வாயில் பொய் பிறக்கிறது: நீர் குடிக்கையில் விக்கல் எடுத்ததாம். தாயும் அவன் முதுகை நீவிவிடுகிறாள்.

கூவலுக்கும் பொய்க்கும் இடையே ஒரு கணமே. குறும்பனைப் பற்றித் தாயிடம் முறையிடும் சிறுமியின் பழக்கம் அந்தக் கூவலில் இருக்கிறது. தாய்க்குத் தெரியாத தனி உலகம் அந்தப் பொய்யில் தொடங்குகிறது. குழந்தைமை முடியும் இடத்தை இத்துணை நுட்பமாகத் தொட்ட கவிதைகள் மிகச் சிலவே. சிற்றில் சிதைக்கும் இக்குறும்பு பின்னர் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் கண்ணன்மேல் ஏறியது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவே நிலைத்துவிட்டது.

இந்நிகழ்ச்சியைத் தலைவி யாரிடம் சொல்கிறாள்? தோழியிடம். சிதைந்த மணல்வீடு அவளும் சேர்ந்து விளையாடியது. தோழியைச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் இலக்கணம் செய்வதன் பொருளும் இதுவே: ஒரே மடியில் வளர்ந்தவளிடம்தான் காதலைச் சொல்ல முடியும். நற்றிணை 172 இல், விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்து மரமாகிறது. அது உங்கள் உடன்பிறப்பு என்கிறாள் அன்னை. அம்மர நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணம் வந்துவிடுகிறது. சிறுமியின் நட்பு மரத்தையும் விடவில்லை.

அக்காலத்தைப் பொற்காலமாக்க வேண்டுவதில்லை. இறையனார் களவியலுரை தலைவனுக்குப் 16, தலைவிக்கு 12 ஆண்டு என வகுக்கிறது. அதை ஏற்க இயலாது. 18 வயது நிரம்பாத பெண்ணின் திருமணத்தை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பாட்டிலிருந்து பெற வேண்டியது வயதன்று, வளர்ச்சி.

அவ்வளர்ச்சி சிற்றூர்களில் இன்று எங்கே அறுபடுகிறது? தொடக்கப்பள்ளியில் சிறுவரும் சிறுமியரும் ஒன்றாக அமர்கின்றனர். ஏரிக்கரையில் ஒன்றாக ஆடுகின்றனர். பெண் பூப்பெய்தியதும் பச்சை ஓலைக் குடிசை, மஞ்சள் நீராட்டு, விளம்பரப் பலகை. அன்றோடு ஆண்பிள்ளைகளிடம் பேச்சு நின்றுவிடுகிறது. பையனுக்கோ, யார் எந்தத் தெரு என்று பார்க்கக் கற்பிக்கப்படுகிறது. ஊருக்கும் காலனிக்கும் உள்ள வேறுபாட்டைக் குடவோலைச் சிறுவன் கற்றுக்கொள்ளும் நாள் அதுதான். மீறிக் காதலித்தோர் 2003 இல் விருத்தாசலம் அருகிலும் 2016 இல் உடுமலைப்பேட்டையிலும் பட்டதை நாடறியும். உடன்போக்கைப் பாடிய மொழியில் இது நடந்தது.

பெண்ணுக்குப் பெண் கொண்ட நட்போ ஓசையின்றி முடிகிறது. படிப்பு நின்றால், திருமணமாகி வேற்றூர் சென்றால், தோழி முடிந்தாள். இதற்கு இரங்கற்பா எழுதுவாரில்லை.

ஆயினும் அரசு வழங்கிய மிதிவண்டிகளில் மேல்நிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவியரைக் காலைவேளையில் சாலையில் காணலாம். இருவர் இணையாக ஓட்டிச் செல்வர். ஒருத்தியின் சங்கிலி கழன்றால் மற்றவளும் இறங்கி நிற்பாள். பேருந்து ஒலி எழுப்பினாலும் பேச்சை நிறுத்தாமல்தான் ஒதுங்குகின்றனர். அவர்கள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதைக் கேட்டு எழுதும் கபிலர் இன்னும் வரவில்லை.