பலாலிக்குப் பறக்கும் தொலைவு



திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்தினின்று யாழ்ப்பாணத்துப் பலாலி நிலையத்திற்கு நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 185 கிலோமீட்டர். பழைய அளவிற் சொன்னால் 115 கல். திருச்சிக்குச் சென்னையோ 290 கிலோமீட்டருக்கு மேல். சென்னையினும் யாழ்ப்பாணமே அதற்கு அண்மையது!

இவ்வழியிற் பறக்கும் சுழல்விசிறி வானூர்தியின் விரைவு மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அக்கணக்கில் 22 மணித்துளி போதும். ஆயினும், காலப்பட்டியல் ஒரு மணி நேரம் என்றே குறிக்கும். ஓடுபாதை வரை ஊர்தல், மேலேறல், விரைவு தணித்து இறங்கல் ஆகியன தொலைவு குறுகினும் அவ்வளவாகக் குறுகா. ஆகவேதான் குறும்பறப்புகளில் நேரமும் தொலைவும் ஒத்து நடப்பதில்லை.

இது புதுவழியும் அன்று. 'ஏர் சிலோன்' நிறுவனத்தின் முதல் வானூர்தி, 1947 திசம்பர் 10 அன்று இரத்மலானையில் எழுந்து, பலாலி வழியாகவே சென்னை சேர்ந்தது. பின்னர்த் திருச்சிக்கும் பலாலிக்கும் இடையேயும் அந்நிறுவனம் பறந்தது. 1970களின் இறுதியில் அது மூடப்பட்டது, போர் மூண்டது, பலாலி படைத்தளமாயிற்று. 1990-இல் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் வீடும் தோட்டமும் விட்டு வெளியேறினர். அந்நிலம் முழுவதும் இன்னும் உரியவர் கைக்கு வந்தபாடில்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், யாழ்ப்பாணத்துத் தாயொருத்தி திருச்சியிலுள்ள மகளைக் காண விரும்பின் என் செய்தாள்? வடக்கே கடல் கண்ணெதிரே கிடக்க, தெற்கே 400 கிலோமீட்டர் தரைவழி கொழும்புக்குச் சென்றாள். அங்கிருந்து மீண்டும் வடக்கு நோக்கி 400 கிலோமீட்டருக்கு மேல் பறந்தாள். 185 கிலோமீட்டருக்கு 800-க்கும் மேல்! ஒரு மணி நேர வழிக்கு ஓர் இரவும் ஒரு பகலும்! போர் மும்முரமாயிருந்த ஆண்டுகளில் கொழும்பு வழியும் அடைபட்டது என்பதையும் இங்கு மறத்தலாகாது.

2019 அக்தோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைப் பறப்பு தொடங்கியது. கொரோனாத் தொற்றால் நின்று, 2022 திசம்பரில் மீண்டது. திருச்சிப் பறப்பு 2025 மார்ச்சு 30 அன்று தொடங்கிற்று.

வான்வழி திறந்தது, சட்டவழி அவ்வாறு திறக்கவில்லை. திருச்சி வானூர்தி நிலையத்தின் அருகிலேயே கொட்டப்பட்டு ஏதிலியர் குடியிருப்பு உள்ளது. படகேறித் தப்பி வந்தோர் பலரிடம் கடவுச்சீட்டு ஏது? 2025 மே மாதத்தில், ஐ.நா. ஏதிலியர் ஆணையத்தின் துணையோடு தாய்மண் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலியில் இறங்கியதும் தளைப்படுத்தப்பட்டார். போர்க்காலத்தில் முறையான ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதே அவர்மேற் சாற்றப்பட்ட குற்றம்.